பிறர் கண்ணுக்காகச் செய்த விமானம்

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அந்நாட்டுக் கடற்படையிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பணம் கேட்டு வந்ததன்று. ஆள் கேட்டு வந்ததுமன்று. மரவேலை வகுப்பில் பயிலும் மாணவர்கள் போர் விமானங்களின் சிறு மாதிரிகளைச் செய்து தரவேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். எத்தனை மாதிரிகள் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். 50 வகை விமானங்கள்; வகைக்குப் பத்தாயிரம்; ஆக மொத்தம் 5,00,000 மாதிரிகள். கடற்படை அமைச்சராக இருந்த ஃபிராங்க் நாக்ஸ் இதைக் கேட்டார்; கல்வி அலுவலகம் பொறுப்பேற்றது; ஊர் ஊராக உயர்நிலைப் பள்ளிகளின் பட்டறைகளில் உளியும் உப்புத்தாளும் வேலை செய்யத் தொடங்கின.

உலகமே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு வல்லரசின் கடற்படைக்குப் பொம்மை விமானங்கள் எதற்கு? மாணவர்களாகிய உங்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயற்கையே. இதற்கு விடை காண வேண்டுமானால் போரின் இரண்டு இரவு பகல்களை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. மூன்று நாட்கள் கழித்து, 6-ஆம் தேதி காலையில், பகைவர் விமானங்கள் வருகின்றன என்று ஒரு தவறான எச்சரிக்கை பரவியது. ஸ்பிட்ஃபயர் விமானங்கள் சில மேலெழும்பின. ஹரிக்கேன் விமானங்கள் சிலவும் மேலெழும்பின. இரண்டும் பிரிட்டனுக்கே உரியவை. வானத்தில் ஒன்றையொன்று கண்டபோது, ஸ்பிட்ஃபயர் ஓட்டிகள் ஹரிக்கேன்களைப் பகைவர் என்று கருதிச் சுட்டுவிட்டார்கள். இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. ஓர் இளைஞர் உயிரிழந்தார். பின்னாளில் காவியப் புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம் அந்தப் போரில் முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தியது பகைவனை அன்று, தன் நாட்டானை! வரலாற்று நூல்களில் இதற்குப் ‘பார்க்கிங் ஓடைச் சண்டை’ என்று பெயர். அங்கே பகைவரே வரவில்லை என்பதுதான் அதன் கொடுமை.

இரண்டாவது, 1941 டிசம்பர் 7-ஆம் தேதி இரவு. அன்று காலையில்தான் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிச் சின்னாபின்னம் செய்திருந்தன. இரவு சூழ்ந்தபின், எண்டர்பிரைஸ் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த ஆறு போர் விமானங்கள் அத்துறைமுகத்தின் தளத்தில் இறங்க வந்தன. வருவதாகத் தகவலும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் காலையிலிருந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பீரங்கிக்காரர்களுக்கு வானத்தில் கேட்ட ஒவ்வோர் ஒலியும் பகைவன் ஒலியாகவே கேட்டது. ஒருவன் சுட்டான், உடனே துறைமுகமே சுட்டது. மூன்று ஓட்டிகள் தங்கள் நாட்டுக் குண்டுகளாலேயே மாண்டார்கள்.

இத்தகைய சாவைத் தடுப்பதற்கு அன்று இருந்த முக்கியமான கருவி மனிதனுடைய கண். விமானத்தின் நிழலுருவைக் கண்டதும், அது இன்ன விமானம், இன்ன நாட்டுக்கு உரியது என்று சொல்லவேண்டும். சொல்வதற்குக் கிடைக்கும் நேரமோ சில விநாடிகள். படங்களைக் காட்டிப் பழக்கலாம். ஆனால் படம் ஒரு பக்கத்தையே காட்டும். விமானம் நம்மை நோக்கி நேராக வரும், தலைக்குமேல் செல்லும், சாய்ந்து திரும்பும், வால் காட்டி ஓடும். இத்தனை கோலங்களையும் காட்டவல்லது கையில் பிடித்துத் திருப்பக்கூடிய ஒரு மாதிரியே. ஆகவேதான் கடற்படை பள்ளிக்கூடத்தின் வாயிலில் வந்து நின்றது.

அந்த மாதிரிகளின் அளவைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதில் ஓர் இனிய கணக்கு இருக்கிறது. எல்லா மாதிரிகளும் உண்மை விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட வேண்டும் என்று விதித்தார்கள். இந்த 72 எங்கிருந்து வந்தது? ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆகவே உண்மையில் ஆறு அடியாக இருப்பது மாதிரியில் ஓர் அங்குலமாகும். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாவான். அடியும் அங்குலமும் வழங்கிய நாட்டில் தச்சுக்கோலை வைத்துக்கொண்டே அளந்துவிடலாம். 1930-களில் பிரிட்டனில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்ற மரமாதிரிகளில் இந்த அளவு வழக்கத்துக்கு வந்தது. விளையாட்டுக்காக எழுந்த அளவைப் போர் எடுத்துக்கொண்டது.

மாணவர்கள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 72-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை வகுப்பறையின் ஒரு கோடியில், 35 அடி தூரத்தில் பிடித்துக் காட்டுகிறார் ஆசிரியர். மறுகோடியில் இருப்பவன் கண்ணுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? 35-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி. அரை மைல் என்பது 2,640 அடி. ஆக, ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் பறக்கும் உண்மை விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாகவே அந்தச் சிறு மரத்துண்டு தெரியும். வகுப்பறை வானமாகிவிட்டது. இந்த எளிமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

ஆனால் கணக்கு பலிக்க வேண்டுமானால் மாதிரி பொய் சொல்லக்கூடாது. இறக்கை நுனி சற்றுக் கூராக இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக இருந்தால், அதைப் பார்த்துப் பழகியவன் கண் கெட்டுவிடும். மாணவர்களுக்கு வரைபடங்கள் அனுப்பப்பட்டன. குறுக்குவெட்டு உருவத்தைச் சரிபார்ப்பதற்கு வெட்டிய அளவட்டைகளைப் பயன்படுத்தினார்கள். பைன் போன்ற மென்மையான மரத்தைச் செதுக்கி, அட்டையை வைத்துப் பார்த்து, இடுக்கில் ஒளி தெரிந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். செய்து முடித்தவற்றைப் பரிசோதித்து, தகுதியானவற்றையே ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டவற்றுக்குக் கறுப்பு வண்ணம் ஒன்றே. சின்னமில்லை, எண்ணில்லை, ஓட்டியின் தலைகூட இல்லை. உருவக்கோடு ஒன்றே போதும்; மற்றவை கண்ணை ஏமாற்றும். செய்து கொடுத்த மாணவனுக்குக் கடற்படையிலிருந்து ஒரு நற்சான்று வந்தது. எத்தனை செய்தானோ அதற்கேற்பப் பெருமைக்காக ஒரு பதவிப் பெயரும் அதில் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவன் ஒருவன் தனக்காக ஒரு விமானம் செய்தால், தனக்குப் பிடித்ததைச் செய்வான். சிவப்பும் மஞ்சளும் பூசுவான். வால் சற்றுக் கோணினாலும் அவன் கற்பனையில் அது நேராகவே பறக்கும். அது அவன் உரிமை. ஆனால் இந்த மாணவன் செய்தது, தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு மாலுமிக்காக. பசிபிக் கடலில் ஏதோ ஒரு கப்பலில் பீரங்கியின் பின் நிற்கப்போகும் அந்த மனிதன், இந்த மரத்துண்டை நம்பியே விசையை அழுத்துவான் அல்லது அழுத்தாமல் விடுவான். தன் கைவேலையின் பிழைக்கு வேறொருவன் உயிர் கொடுக்க நேரலாம் என்பதைப் பதினைந்து வயதில் அறிந்துகொண்டே உப்புத்தாளைத் தேய்த்த தலைமுறை அது. பிரிட்டனிலும் பள்ளிச் சிறுவர்களும் விமானப்படைப் பயிற்சிச் சிறுவர்களும் இப்படியே செய்தார்கள். பின்னர் சிக்காகோ நகரத்தின் குரூவர் நிறுவனம் போன்றவை பிளாஸ்டிக்கில் வார்த்து ஆயிரக்கணக்கில் கொடுத்தன. அந்தப் பழைய பிளாஸ்டிக் ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி வளையும் தன்மை உடையது. இன்று சேகரிப்பாளர்களிடம் உள்ள அத்தகைய மாதிரிகள் பல வாழைப்பழம்போல் வளைந்திருக்கின்றன.

இவ்வளவு செய்தும் பயன் விளைந்ததா? வரலாறு எழுதுபவன் இந்தக் கேள்வியிலிருந்து நழுவக்கூடாது. 1943 ஜூலை 11-ஆம் தேதி இரவு, பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் சிசிலித் தீவை நோக்கிச் சென்றன. கீழே நின்ற நேசநாட்டுக் கப்பல்களும் கரையிலிருந்த துருப்புகளும் அவற்றைச் சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன. இருட்டில் உருவக்கோடு ஏது? அஞ்சியவன் கண் எதைத்தான் பார்க்கும்? அடுத்த ஆண்டு நார்மண்டிப் படையெடுப்பின்போது தளபதிகள் பாடம் கற்றிருந்தார்கள். நேசநாட்டு விமானங்களின் இறக்கைகளிலும் உடலிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டப்பட்டன. வடிவத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தின் குறையை அந்தப் பட்டைகள் ஒப்புக்கொண்டன என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் கண்பயிற்சி வீண் என்று சொல்லிவிட முடியாது. அதே படையெடுப்பில், பிரிட்டனின் விமானக் கண்காணிப்புப் படையைச் சேர்ந்த 796 தொண்டர்கள் கப்பல்களில் ஏறிச் சென்றார்கள். இவர்கள் போர்வீரர்கள் அல்லர். பெரும்பாலும் நடுவயது கடந்த குடிமக்கள். மாலை நேரங்களில் குன்றின்மேல் நின்று வானத்தைப் பார்த்தும், மாதிரிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கண்ணைத் தீட்டிக்கொண்டவர்கள். “சுடாதே, அது நம்முடையது” என்று பீரங்கிக்காரனிடம் சொல்வதே அவர்கள் வேலை. அவர்களில் இருவர் அந்தப் பணியில் உயிர் நீத்தனர்.

ஜெட் விமானம் வந்தபின் இந்தக் கலையின் நிலை மாறியது. 1944 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 616-ஆம் பிரிவு குளோஸ்டர் மீட்டியர் என்னும் ஜெட் விமானங்களைப் பெற்றது. ஜெர்மானியரிடமும் மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் ஜெட் போர் விமானம் இருந்தது. இரண்டுக்கும் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். இரண்டுக்கும் மூக்கில் சுழலும் விசிறி இல்லை. 1945 தொடக்கத்தில் மீட்டியர்கள் சில பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்டபோது, தரையிலிருந்த தம் படையினரே சுட்டுவிடக்கூடாதே என்று அவற்றுக்கு முழுவதும் வெள்ளை வண்ணம் பூசினார்கள். போர் விமானத்துக்கு வெள்ளை! ஒளிந்துகொள்வதைவிட அடையாளம் தெரிவது முக்கியமாகிவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் கொரியப் போர் வந்தது. ரஷ்ய மிக்-15, அமெரிக்க சேபர் இரண்டுக்குமே பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள். இரண்டுக்கும் மூக்கிலே வாய். தொலைவில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. சேபர்களின் உடலிலும் இறக்கையிலும் கறுப்பு விளிம்பிட்ட மஞ்சள் பட்டை தீட்டி நிலைமையைச் சமாளித்தார்கள்.

போர் முடிந்தபின் அந்த 72-இல் ஒரு பங்கு மட்டும் எஞ்சி நின்றது. 1936-இலேயே லண்டனில் ‘ஃபிராக் பென்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் விமானப் பெட்டிகள் இதே அளவில் வந்திருந்தன. 1953-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் ஒன்றைப் பையிலிட்டு இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அதன்பின் உலகெங்கும் சிறுவர்களின் மேசைமேல் விமானங்கள் இறங்கத் தொடங்கின. செதுக்க வேண்டியதில்லை, சட்டத்திலிருந்து பாகத்தைக் கிள்ளி எடுத்து, பசை தடவி ஒட்டினால் போதும். நானும் அந்தப் பெட்டிகளில் பல மாலைகளைச் செலவிட்டவன். அவற்றையெல்லாம் எனக்காகவே செய்தேன். பிறருக்காக நான் செய்தது ஒன்றே ஒன்று. அதைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

சில ஆண்டுகளுக்குமுன், நம் விமானப்படையில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். 1965-ஆம் ஆண்டுப் போரில் ‘நாட்’ விமானங்களுக்குக் குண்டு ஏற்றியவர். வெளிநாட்டிலிருந்து வந்த பேத்தி, தாத்தா வேலை செய்த விமானம் என்று ஆசையோடு ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்திருந்தாள். அவருக்கோ கைநடுக்கம், கண்ணிலும் பாதிப் பார்வைதான்.

“தம்பி, இதை நீங்கள் செய்து தரவேண்டும். ஆனால் ஒன்று. இதில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். துப்பாக்கி இல்லை, இருக்கவும் முடியாது. அது இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நாட் என்பது ஆங்கிலத்தில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் பெயர். பெட்டர் என்ற பொறியியல் வல்லுநர், போர் விமானங்கள் நாளுக்கு நாள் பெருத்துப் பணத்தை விழுங்குகின்றன என்று கண்டு, சிறியதாகவும் எளியதாகவும் ஒரு ஜெட் போர் விமானத்தை வகுத்தார். ஃபாலண்ட் நிறுவனத்தில் உருவான அந்த விமானம் 1955 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. பிறந்த நாடு அதைப் போர் விமானமாக ஏற்கவில்லை. நீட்டிப் பெருக்கிய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானமாகவே ஏற்றுக்கொண்டது. செவ்வண்ணம் பூசிய அந்தப் பயிற்சி விமானங்கள் 1965 முதல் 1979 வரை ‘ரெட் ஏரோஸ்’ என்னும் சாகசக் குழுவில் பறந்து உலகப் புகழ் பெற்றன. பொம்மைக் கடைக்காரர்கள் புகழுள்ளதைத்தானே விற்பார்கள்? ஒற்றை இருக்கைப் போர் விமானத்தைப் பெருமளவில் வாங்கியதும், 1956-இல் உரிமம் பெற்றுப் பெங்களூரில் ஏறக்குறைய இருநூறு செய்ததும் இந்தியாதான். இன்று அந்தப் போர் விமானத்துக்கும் வெளிநாட்டார் பெட்டி செய்து விற்கிறார்கள். ஆனால் நெடுங்காலம் எளிதில் கிடைத்தது பயிற்சி விமானமே. பேத்தியின் கைக்கும் அதுவே வந்து சேர்ந்தது.

வேறு பெட்டி வரவழைக்கலாமே என்றேன். பெரியவர் இணங்கவில்லை. “குழந்தை தேடி வாங்கியது. இதிலிருந்தே வரட்டும்” என்றார்.

இந்த வேலையில் பழகிய என் நண்பர் ஒருவர் எளிய வழி சொன்னார்: “பெட்டியில் உள்ளபடி செய்து, நம் நாட்டு வட்டச் சின்னத்தை ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். கண் மங்கிய பெரியவருக்கு என்ன தெரியப்போகிறது?” இரண்டு மாலையில் வேலை முடிந்துவிடும். யாருக்கும் தீங்கில்லை, பீரங்கி விசையில் யாரும் விரல் வைத்திருக்கவில்லை. எனக்கோ அந்த அமெரிக்கப் பள்ளிப் பட்டறைகளின் நினைவு வந்தது. அளவட்டையின் இடுக்கில் ஒளி தெரிந்ததைக் கண்டும் ஒரு மாணவன் கறுப்பு வண்ணத்தைப் பூசியிருந்தால், அது எந்த மாலுமிக்குத் தெரிந்திருக்கும்?

வேலை மூன்று மாதம் பிடித்தது. பயிற்சி விமானத்தின் இறக்கை விரிவு 24 அடி. 72-இல் ஒரு பங்காகச் சரியாக நான்கு அங்குலம். போர் விமானத்துக்கு 22 அடிக்குச் சற்றே அதிகம்; மாதிரியில் சுமார் 94 மில்லிமீட்டர். வேறுபாடு பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர்தான். நுனியை நறுக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் இறக்கையின் அகலமும் வேறு. ஆகவே பெட்டியிலிருந்த இறக்கைகளை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டித் தேய்த்தேன். உடலில் ஒரு துண்டை அறுத்து நீக்கி மீண்டும் ஒட்டி, இணைப்பில் மக்குப் பூசி, உலர்ந்தபின் ஈர உப்புத்தாளால் தேய்த்தேன். இருவருக்கான நீண்ட கண்ணாடி மூடி பயன்படாது. ஒருவருக்கான மூடியின் உருவை மரத்தில் செதுக்கி, தெளிந்த பிளாஸ்டிக் தாளைச் சூடுகாட்டி அதன்மேல் அழுத்தி எடுத்தேன். ஆறாவது தாள்தான் சுருக்கமில்லாமல் வந்தது. கடைசியாக, காற்று உட்புகும் இரு வாய்களின் ஓரத்திலும் ஊசித்துளை போன்ற ஒரு துவாரம். உள்ளே ஒரு சிறு குழல். நாட் விமானத்தின் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் துப்பாக்கிகள் அங்கேதான் இருந்தன.

முடிந்ததும் என் மேசையில் இருந்த சேபர் மாதிரியின் அருகில் அதை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதே அளவுதான். சேபரின் இறக்கை விரிவு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர்; நாட்டுக்கு ஒன்பதரைகூட இல்லை. 1965 செப்டம்பரில் நம் நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர்களை எதிர்த்தன என்று எத்தனையோ நூல்களில் படித்திருக்கிறேன். சிறிய உருவம் அவற்றுக்குத் துணையாயிற்று என்றும் படித்திருக்கிறேன். அறையின் மறுகோடிக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. சேபர் தெரிந்தது. நாட்டைத் தேடவேண்டியிருந்தது. வகுப்பறையின் கோடியில் நின்று அந்த மாலுமிகள் கற்ற பாடம் இதுதானே!

நாட் விமானத்தைப் புகழ்வது எளிது. 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் தளத்தின்மேல் தனியொருவராக ஆறு சேபர்களை எதிர்த்து உயிர் நீத்த நிர்மல் ஜித் சிங் சேகோனுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. நம் விமானப்படையில் அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே. அவர் ஓட்டியதும் நாட். ஆனால் அதன் குறைகளையும் சொல்லவேண்டும். 1965-இல் நாட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் விமானத் தளத்தில் இறங்கிப் பிடிபட்டது. அந்த விமானம் கராச்சி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் போரில் நாட் விமானங்களின் துப்பாக்கிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. பகைவன் குறியில் இருக்கும்போது விசையை அழுத்தினால் இரண்டு குண்டோடு நின்றுபோகும். வெற்றி விழாக்களில் இதை யாரும் பேசுவதில்லை.

பெரியவரிடம் மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடவில்லை அவர். நடுங்கும் இடக்கையில் விமானத்தை ஏந்தி, வலக்கைக் கட்டைவிரலால் மூக்கிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். காற்று வாயின் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நகத்தின் நுனியால் அந்தத் துவாரத்தைத் தொட்டுப் பார்த்தார். திருப்பி, மறுபக்கத்திலும் தொட்டுப் பார்த்தார்.

“ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு, தம்பி. ஒவ்வொன்றையும் துடைத்துத்தான் கோப்போம். துளி மண் இருந்தாலும் சிக்கும் என்று துடைப்போம். அப்படியும் சிக்கிற்று. எங்கள் கைமேல் பிழை இல்லை என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் திரும்பி வந்து இறங்கும் ஓட்டி, ஒன்றும் பேசாமல் துப்பாக்கியைக் காட்டிவிட்டுப் போவார் பாருங்கள்…” என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, “இதை ஒட்டாமல் கொடுத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அலமாரியில் வைத்திருப்பேன். அவ்வளவுதான்” என்றார்.

வாலில் எண் எழுதவில்லை. எந்த எண் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். அவருக்குப் பல எண்கள் நினைவில் இருந்தன, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டும் வந்தார்.

“வேண்டாம் ஐயா, ஒன்றைச் சொல்லுங்கள்” என்றேன்.

“ஒன்றை எழுதினால் அது அந்த ஒருத்தருடைய விமானமாகிவிடும். நான் எல்லாருக்கும்தானே ஏற்றினேன்” என்றார்.

வட்டச் சின்னத்தை மட்டும் ஒட்டினேன்: நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி. அந்த விமானம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், பேத்தியின் படத்துக்குப் பக்கத்தில், சக்கரங்களை ஊன்றி நிற்கிறது. பார்க்க வருகிற பிள்ளைகளிடம் அவர் முதலில் துவாரத்தைத்தான் காட்டுகிறாராம்.